இருநூற்று முப்பத்தேழு பரப்பும் ஒரு கொட்டிலும்

டென்மார்க்கில் என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட சொல் "வா?" என்பது. "என்ன சொன்னீர்?" என்று அர்த்தம். நான் மெல்லப் பேசுகிறவள். ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்த முதல் வருடம், இவர்கள் ஏன் என்னை வா, வா என்று கூப்பிடுகிறார்கள் என்று விளங்காமல் ஓர் அடி முன்னுக்குப் போய் நிற்பேன். கேட்டவர் ஓர் அடி பின்னுக்குப் போவார். பிறகு அர்த்தம் விளங்கியது. விளங்கியபின் இன்னும் குறைவாகப் பேசத் தொடங்கினேன்.

பத்தொன்பது வருடமாக ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கிறேன். காதுக்கு மூடி, இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கத்தி. அங்கே ஒருவரும் கதைக்க முடியாது. அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கஷ்டமெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில்தான். பன்னிரண்டு பேர் இருக்கும் நீள மேசையில், வார இறுதியில் யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். என் முறை கிட்ட வரும்போது நான் தண்ணீர் எடுக்க எழும்பிவிடுவேன்.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் டேனிஷ் பெண் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நவம்பரில் தன் வேட்டைக் குழுவுக்கு ஆள் போதாது என்று என்னைக் கூப்பிட்டார்.

"மானைக் கலைக்கத் தடியை மரத்தில தட்டிக்கொண்டு நேரே நடந்தால் போதும்," என்றார். "ஒருத்தரும் உம்மட்ட ஒண்டும் கேக்க மாட்டினம். கதைச்சால்தான் ஏசுவினம்."

இந்த நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே "டு"தான். அதை நான் தமிழில் "நீர்" என்றே எடுத்துக்கொள்வேன். அவர்கள் டேனிஷில் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

போனேன். காலை முழுக்க இருபது பேர் வரிசையாகக் காட்டுக்குள் நடந்தோம். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது கோவிலுக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது. மத்தியானம் ஒரு மானைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு ஆண்கள் தடுமாறிக்கொண்டு நின்றார்கள். இந்த நாட்டுச் சின்ன மான். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது. நான் கையை நீட்டிக் கத்தியைக் கேட்டேன். குடலை எடுத்து, தோலை உரித்து, துண்டு துண்டாகப் பிரித்து முடித்தபோது சுற்றி எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர், "அது அவ்வளவு மோசமில்லை," என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது காரில் அந்தப் பெண் சிரித்தார். "இந்த மேற்கு யூட்லாந்து ஆக்கள் அதுக்கு மேல ஒருத்தரையும் புகழ்ந்ததில்லை. அதை எழுதி வீட்டில மாட்டும்."

இரண்டு வருடத்தில் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுதினேன். யாழ்ப்பாணத்தில் சண்டை காரணமாகப் பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இங்கே நாற்பத்தாறு வயதில், தமிழில் பெயரே தெரியாத வாத்துகளை டேனிஷில் மனப்பாடம் செய்தேன். குளியலறைக் கண்ணாடியிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் வாத்துப் படம் ஒட்டியிருந்தது. எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்தேன். துவக்குச் சுடும் பரீட்சையில் மூன்றாம் தடவை. மூன்றாம் தடவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சித்தி சித்திதான்.

வேட்டைக் குழுவில் எனக்கு ஒரே ஒரு குறை. வேட்டை முடிந்ததும் எல்லாரும் கொட்டிலுக்குள் போய் அடுப்பைச் சுற்றி இருந்து கதை சொல்வார்கள். விருந்தாளிக்கு அங்கே எழும்பித் தண்ணீர் எடுக்கப் போகவும் இடமில்லை. அப்போதுதான் சொந்தமாக ஒரு துண்டுக் காடும், அதில் ஒரு கொட்டிலும் வேண்டும் என்ற ஆசை வந்தது. வேட்டைக்குப் போய்விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி வைத்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருக்க ஓர் இடம்.

கணவரிடம் சொன்னேன்.

"வீட்டிலயும் ஒருத்தரும் உம்மட்ட ஒண்டும் கேக்கிறேல்லையேப்பா."

"நீங்கள் எழும்பினதில இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்."

"என்னத்தைக் கேட்டனான்?"

"இந்தா, இப்பவும் கேக்கிறியள்."

அவர் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். பேச்சு நிற்காது. ஆனால் நல்ல மனுசன். அன்றிரவே காணி விளம்பரங்களைத் தேடத் தொடங்கினார்.

எங்கள் கைக்கு எட்டியது ஒருவரும் விரும்பாத ஒரு காணி. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். கடைசி ஒரு கிலோமீட்டருக்குத் தெரு இல்லை, மணல் பாதைதான். கைபேசிக்கு அலை கிடையாது. பாதி ஊசியிலை மரம், கால்வாசி ஈரச் சதுப்பு, மீதி ஹெதர் என்ற ஊதாப் பூச்செடி படர்ந்த வெறும் மணல். நடுவில், முன்பு காட்டு வேலைக்காரர் கருவி வைத்த கொட்டில் இருந்த இடத்தில், பாசி பிடித்த ஒரு சீமெந்துத் தரை. மேலே ஒன்றும் இல்லை. நான் அந்தத் தரையில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு கூரையும் தெரியவில்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

கணவர் பாதையில் நின்று கைபேசியில் கணக்குப் போட்டார். "ஆறு ஹெக்டேர் எண்டால் எத்தினை பரப்பு தெரியுமே? இருநூற்று முப்பத்தேழு."

"பிழையாப் போட்டிருப்பியள்."

"மூண்டு தரம் போட்டனான். இருநூற்று முப்பத்தேழு பரப்பு. அங்க எங்கட பெரியப்பா ரெண்டு பரப்புக் காணிக்குப் பதினொரு வருசம் கோடேறி வழக்குப் பேசினவர்."

காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். கல்யாணத்தின்போது எனக்குச் சீதனமாகக் கொடுக்க எங்கள் வீட்டில் காணி இல்லை. இருந்தது இராணுவ முகாமுக்குள் போய்விட்டது. அவர் ஒருநாளும் அதைக் குத்திக் கதைத்ததில்லை. கையெழுத்துப் போட்டு வந்த அன்று மட்டும் காருக்குள் சொன்னார்:

"இருபத்தாறு வருசம் பிந்தினாலும் சீதனம் வந்து சேர்ந்திட்டுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோசம் முகத்தில் தெரிவது எனக்குக் கூச்சம்.

ஆனால் காணி கிடைத்தால் கொட்டில் கிடைத்தது என்று அர்த்தமில்லை. விற்றவர் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். காட்டுக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி, அனுமதி தர வேண்டும். அவர் கேட்டபோது, கொட்டில் மேற்கே இருக்கும் திறந்த வெளிக்கு அப்பட்டமாகத் தெரியும் என்று மறுத்துவிட்டார்களாம். நான் விண்ணப்பம் போட்டேன். படுத்து எழும்புவதற்கு அல்ல. கருவி வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் ஒரு சின்ன மரக் கொட்டில், பழைய தரையின் மேலேயே. அயலவருக்கும் கடிதம் போகும், அவர்களும் கருத்துச் சொல்லலாம் என்று பதில் வந்தது. மறுத்தால் என் இருநூற்று முப்பத்தேழு பரப்பு, மழையில் நனைந்துகொண்டு நிற்பதற்கான இடம். அவ்வளவுதான்.

கொம்யூனிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். இரண்டு தடவை "வா?" என்றார். கடைசியில் அவர் சொன்ன ஒன்றை நான் கவனமாகக் குறித்துக்கொண்டேன். மேற்கு எல்லையில் ஒரு "லெவன ஹைன்" இருந்தால் உதவியாக இருக்கும், கொட்டிலை மறைக்கும், மானுக்கும் நல்லது. லெவன என்றால் உயிருள்ள. ஹைன் என்றால் வேலி.

"உயிர்வேலி போடச் சொல்லுகினம்," என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "வேலியோ? கொம்யூனே சொல்லுதோ? இதைத்தானே நான் முதல் நாளிலயிருந்து சொல்லுறன். வேலி இல்லாத காணி காணியோ?"

யாழ்ப்பாணத்து ஆளிடம் வேலி போடச் சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சதுப்போரம் வில்லோ மரம் காடாக நின்றது. மார்ச் மாதம், இன்னும் துளிர்க்கவில்லை. நேரான தடிகளை வெட்டி, அடியைச் சீவி, முழத்துக்கு ஒன்றாக நட்டோம். கதியால் போடுவது எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டிய வேலையல்ல. கயிறு பிடித்து, கோடு தவறாமல், மூன்று சனிக்கிழமை. மேற்கு எல்லை முழுவதற்கும் நானூற்றுக்கு மேற்பட்ட கதியால். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கதியால் நட்டுவிட்டு அடைக்காமல் விடுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. ஓலை இல்லாததால் ஆட்டுக்குக் கட்டும் வலைக்கம்பியை வாங்கி, இரண்டு தட்டாகத் தோளுயரத்துக்கு இழுத்துக் கட்டினோம். கணவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "கோழியும் பூராது," என்றார். நாங்கள் இருவரும் தள்ளி நின்று அதைப் பார்த்தோம். அவ்வளவு நேரான வேலியை நான் ஊரிலும் கண்டதில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை போனபோது வேலிக்கு மறுபக்கம் ஒரு பெண் நாயோடு நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். றப்பர் சப்பாத்து, நீலக் காற்சட்டை. மேற்குப் பக்கத்துக் காணிக்காரி, மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வெகுநேரம் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள என்ன மிருகம் வளர்க்கப் போறீர்?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை. வேட்டைக்கு வாங்கினது."

"வா?"

"வேட்டைக்கு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் பக்கம் நீட்டினார். சாம்பல் நிற மயிர், ஒரு பிடி. கம்பியில் சிக்கியிருந்ததாம். "மான் என்ர பக்கத்தில படுக்கும். உம்மட பக்கத்தில தண்ணி குடிக்கும். வயித்தில குட்டியோட நிக்கிற காலம் இது." பிறகு, "கொம்யூன் கடிதம் வந்தது. இன்னும் பதில் எழுதேல்லை," என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் போலிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். லெவன ஹைன் என்றால் காற்றைத் தடுக்க வயல் ஓரத்தில் நடும் மர வரிசை. மிருகங்கள் அதற்குள் ஒதுங்கும், அதற்குள்ளால் போய் வரும். அடைப்பதற்கு அல்ல, விடுவதற்கு. நான் படித்த பாடம்தான். பரீட்சையில் சரியாக எழுதியும் இருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது மட்டும் அது தமிழில் விளங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

கணவருக்குச் சொன்னதும் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு, "கம்பிதானே கூடாது. கதியால் என்ன செய்தது?" என்றார்.

அடுத்த நாள் கம்பியைக் கழற்றத் தொடங்கினோம். கட்ட எடுத்த நேரத்தைவிடக் கழற்ற இரண்டு மடங்கு எடுத்தது. கதியாலில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டை விரலால் ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே பச்சை.

மகள் ஓகூஸ் நகரில் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியருக்கும் வங்கிக்கும் எனக்காகத் தொலைபேசி எடுத்தவள் அவள்தான். இதைக் கேள்விப்பட்டதும், "மோ, ஸ்கால் யாய் ரிங்க?" என்றாள். அம்மா, நான் எடுக்கட்டுமா என்று.

"வேண்டாம் பிள்ளை. அவவிட்ட நானே நேரில போறன்," என்றேன்.

அவள் தமிழுக்கு மாறி, "உண்மையாவோ?" என்றாள்.

போனேன். கணவர் காருக்குள் இருந்தார். வந்தால் எல்லாவற்றையும் அவரே பேசிவிடுவார். அந்த அயல் காணிக்காரி மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றார். நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கம்பி கழற்றியாயிற்று. பிழை எங்களுடையது. எங்கள் நாட்டில் உயிர்வேலி என்றால் பச்சைத் தடியை நட்டு, ஆடுமாடு போகாமல் அடைக்கிறது. கொம்யூன் அதைத்தான் கேட்கிறது என்று நினைத்துவிட்டோம்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வா?" என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பச்சைத் தடி முளைக்குமோ?" என்று கேட்டார்.

"முளைக்கும். எல்லாம் இல்லை. முக்கால்வாசி."

"அந்த மணலிலயா? நான் ரெண்டு தரம் கன்று வாங்கி நட்டனான். ரெண்டு தரமும் செத்துப்போச்சு."

"கன்று வைக்கக் கூடாது. தடியாய் ஆழமாய் இறக்க வேணும். முழங்கால் உயரத்துக்கு மண்ணுக்குள்ள போக வேணும்." கையால் காட்டினேன். எந்த மாதம் வெட்டுவது, அடியை எந்தப் பக்கம் சீவுவது என்றெல்லாம் சொன்னேன். கொட்டகைக்குள் மாடுகள் கத்தின. நானும் சத்தமாகத்தான் பேசியிருக்க வேண்டும். காரில் ஏறியபோது கணவர், "அரை மணித்தியாலம் என்னப்பா கதைச்சனீர்?" என்றார். எனக்கே தெரியவில்லை.

மே மாதம் கதியால் முளைத்தது. நானூற்றில் ஐம்பதுதான் பட்டுப்போனது. பட்ட இடங்களை அப்படியே விட்டோம். மான் போகும் வாசல்கள் அவை. கணவர் வரிசை நெடுக நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

ஜூனில் கொம்யூன் முடிவு வந்தது. நாலு பக்கம். நான் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தேன். அனுமதி உண்டு. ஒரு நிபந்தனை: மேற்கு எல்லையிலுள்ள வில்லோ வரிசையை, அந்த லெவன ஹைனை, பராமரிக்க வேண்டும், அது வளர்ந்ததும் கொட்டிலைத் திறந்த வெளியிலிருந்து மறைக்கும். அயலவரின் கடிதத்தையும் கீழே இணைத்திருந்தார்கள். இரண்டே வரி. ஆட்சேபணை இல்லை. மர வரிசை நிற்க வேண்டும், நட்டவர்களுக்கு அது எப்படி என்று தெரியும்.

அதைக் கணவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"நான் என்ன சொன்னனான்?" என்றார். "வேலி இல்லாத காணி காணியோ?"

அத்திவாரம் ஏற்கெனவே இருந்ததால் அதில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். அந்தப் பெண்ணின் நாய் எங்கிருந்தோ ஓடிவந்து பாதித் தேங்காயைத் தூக்கிக்கொண்டு போனது. அது பிள்ளையாரின் பங்காகப் போகட்டும் என்று கணவர் அதைத் துரத்தவில்லை. கோடை முழுக்க நாங்கள் இருவரும்தான் கட்டினோம். மூன்று மீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளம். வாசல் கொஞ்சம் சரிவு. கதவைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். ஒரு ஜன்னல், மேற்கே பார்த்தபடி. ஒரு மேசை, இரண்டு கதிரை, தேத்தண்ணிக்கு ஒரு சின்ன அடுப்பு. சுவரில் உறுதியின் பிரதியைக் கண்ணாடி போட்டு மாட்டினார் கணவர். என் முழுப்பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

அக்டோபரில், பெண்மான் சுடலாம் என்று காலம் திறந்த இரண்டாவது வாரம், விடிந்து கொஞ்ச நேரத்தில், வில்லோ வரிசையில் ஒரு வாசலுக்குள்ளால் ஒன்று தனியாக வந்தது. கதியாலில் துளிர் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது. நான் கொட்டில் படியில் வைத்துப் பிரித்தேன். ஒரு பின்தொடையைத் துணியில் சுற்றி அயல் பண்ணைக்குக் கொண்டு போனேன். ஊரில் நாலுபேர் சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு இறைச்சி போட்டால் பக்கத்து வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வைக்கும் வழக்கம் என்று அவருக்குச் சொன்னேன். அவர் துணியை விலக்கி, நான் வெட்டிய மூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவு மோசமில்லை," என்றார்.

மிச்சத்தில் மிளகும் கறித்தூளும் போட்டுப் பிரட்டி, திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டு போனேன். இடைவேளையில் மூடியைத் திறந்ததும் மேசை முழுக்க மணத்துவிட்டது. என்ன இறைச்சி என்று யாரோ தூரத்திலிருந்து கேட்டார். மான் என்றேன். எங்கே வாங்கினீர் என்றார் இன்னொருவர். பதினொரு முகமும் என் பக்கம் திரும்பியது. தண்ணீர்ப் போத்தல் கையில்தான் இருந்தது. நான் எழும்பவில்லை.

"வாங்கேல்லை," என்றேன். "என் காணியில் சுட்டது. எனக்கு ஆறு ஹெக்டேர் இருக்கு. கொட்டிலும் இருக்கு."

ஒருவரும் "வா?" என்று கேட்கவில்லை.